கண்ணீர் அஞ்சலியைக் கீழிருந்து படியுங்கள்

புதுச்சேரி, கடலூர்ப் பதிப்புகளில் வரும் கண்ணீர் அஞ்சலியை நாம் படிக்கும் லட்சணம் தெரிந்ததுதான். தெரிந்த முகமா என்று படத்தைப் பார்ப்போம், இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஒரு விளம்பரத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பென்சில் ஒன்று போதும்.

மேல்வரியை விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் தயார் வாசகம். 'இயற்கை எய்தினார்' என்று இருப்பதால் மட்டும் ஆள் நாத்திகர் ஆகிவிட மாட்டார். நேரே கீழே உள்ள பெயர்ப் பட்டியலுக்கு வந்து, அடைப்புக்குறிகளை அடிக்கோடிடுங்கள். (நெய்வேலி) என்றால் அனேகமாகச் சுரங்கமோ அனல்மின் நிலையமோ. புதுச்சேரியில் (பிரான்ஸ்) என்றால் பழைய சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய், குடும்பமாக இருக்கலாம். போன வருஷம் படிக்கப் போன பேரனாகவும் இருக்கலாம், அவசரப்படாதீர்கள். மகன் பெயரோடு (லேட்) இருந்தால் அங்கே நில்லுங்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வாழ்ந்தவர் அவர்.

அடுத்தது கணக்கு. 'தோற்றம் 10.06.1941, ரோடியர் மில் ஓய்வு' என்று இருக்கிறது என்று வையுங்கள். ரோடியர் என்பது புதுச்சேரியின் பழைய பஞ்சாலை. பிரெஞ்சு நிர்வாகம் கைமாறிய 1954 நவம்பர் 1 அன்று அவருக்கு 13 வயது. இணைப்பு சட்டப்படி முழுமையான 1962 ஆகஸ்ட் 16 அன்று 21. பள்ளிக்கூடம் ஒரு கொடியின் கீழ், மில் வேலை இன்னொன்றின் கீழ். அப்பாவும் மில் தொழிலாளி என்றால், 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்த கதையைக் கேட்டே வளர்ந்திருப்பார். அதே வயதுக்காரர் கடலூர்ப் பக்கத்து முந்திரி விவசாயி என்றால், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது அவருக்கு 70. சாய்ந்த மரங்களை வெட்டியெடுத்துவிட்டு மறுபடி கன்று வைத்தாரா என்று விசாரியுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அந்தத் தலைமுறையின் ஜூன் மாதப் பிறந்தநாளை அப்படியே நம்பக்கூடாது. தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று வாத்தியார் எழுதிக்கொண்ட தேதிகள் அவை. ஓரிரு வருஷம் முன்பின் இருக்கும்.

பெண்களின் விளம்பரம்தான் கஷ்டம். 'இன்னாரின் துணைவியார்' என்பதோடு முடிந்துவிடும். தேவனாம்பட்டினத்தில் முப்பது வருஷம் மீன்கூடை சுமந்திருந்தாலும், பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைத்து விரல் கறுத்திருந்தாலும் அது அச்சில் வராது. அங்கேயும் பட்டியல்தான் துணை. கணவர் பெயருக்கு முன் (லேட்) இருந்தால், அவர் எந்த வருஷம் இறந்தார், கடைக்குட்டிக்கு அப்போது என்ன வயது என்று கேட்டுப் பாருங்கள். கணவர் போனது 1983, கடைசி மகள் பிறந்தது 1979 என்றால் கையில் நாலு வயசுக் குழந்தை. பட்டியலில் ஐந்து பிள்ளைகளுக்கும் மருமகன், மருமகள் பெயர் இருக்கிறது. அந்தக் கல்யாணங்களில் எத்தனை 1983க்குப் பிறகு நடந்தன, எந்தக் காசில்? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் அந்த அம்மாவின் தொழில் தெரிந்துவிடும்.

நாளிதழில் இடத்துக்குக் காசு, அதனால் பட்டப்பெயரை வெட்டிவிடுவார்கள். தெருமுனைச் சுவரொட்டியில் அது இருக்கும்: 'லைன்மேன்', 'பால்காரர்'. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

கருமாதிக்குப் போனால் 'எப்படி ஆச்சு?' என்று ஆரம்பிக்காதீர்கள். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டார் ஓய்ந்திருப்பார்கள். 'எந்த ஷிப்டுக்குப் போவார்? சைக்கிளா, நடையா?' என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். படையல் இலையையும் ஒரு பார்வை பாருங்கள். அவருக்குப் பிடித்ததை வைத்திருப்பார்கள்: வஞ்சிரம் வறுவல், வெற்றிலை, ஒரு கட்டு பீடி. மறக்காமல் பக்கத்தில் தீப்பெட்டி.