செமினரிக்கு போறதுக்கு முன்னாடி என்ன படிச்சிட்டு போகணும்?

டிகிரி முடிச்சாச்சு, சர்ச் ஐயர் (பாஸ்டர்) லெட்டர் குடுத்துட்டாரு, டயோசிஸ் (சபைகளை நடத்துற திருமண்டலம்) செலெக்‌ஷனும் ஓகே, அடுத்து செமினரில, அதாவது பாதிரியார் ஆகுறதுக்குப் படிக்கிற இறையியல் காலேஜ்ல, பி.டி சேரணும், நடுவுல இருக்குற இந்த ஆறு மாசத்துல என்ன படிக்கலாம்னு கேக்குற தம்பி தங்கச்சிங்களுக்கு இது. (பி.டி-ன்னா விசில் ஊதுற பி.டி வாத்தியார் வேலைன்னு எங்க சித்தப்பா ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தாரு. இது பேச்சிலர் ஆஃப் டிவினிட்டி, நம்ம பக்கம் பெரும்பாலும் செராம்பூர் செனட் டிகிரி. செராம்பூர் கல்கத்தா பக்கத்துல இருக்கு, கேரி, மார்ஷ்மன், வார்டுன்னு மூணு மிஷனரிங்க 1818ல அங்க ஆரம்பிச்ச காலேஜ், 1827ல டென்மார்க் ராஜா பட்டம் குடுக்க சாசனம் குடுத்தாரு, அப்ப அந்த ஊரும் நம்ம தரங்கம்பாடி மாதிரி டேனிஷ்காரங்க கையில தான இருந்துச்சு.)

முதல்ல எந்த மீடியம்னு முடிவு பண்ணுங்க. மதுரை அரசரடி காலேஜ்னா தமிழ்லயே படிக்கலாம், பெங்களூர் யூ.டி.சி (யுனைடெட் தியாலஜிக்கல் காலேஜ்)-ன்னா இங்கிலீஷ் தான். இங்கிலீஷ்னா இன்னைல இருந்தே தினம் மூணு பக்கம் கனமான கட்டுரை ஏதாவது படிச்சிட்டு புக்கை மூடி வெச்சிட்டு அஞ்சு வரியில சொந்தமா எழுதிப் பாருங்க. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் காசு வேஸ்ட், அங்க பேசுறதை விட படிச்சு எழுதுறது தான் ஜாஸ்தி.

அப்புறம் பைபிள். சண்டே ஸ்கூல்ல இருந்து படிக்கிறோம்ல-ன்னு நெனப்போம், ஆனா முழுசா ஒரு தடவை முடிச்சவங்க எத்தனை பேரு? 1189 அதிகாரம், தினம் ஏழு போட்டா ஆறு மாசத்துக்குள்ள முடிஞ்சிரும். வாக்குத்தத்த வசனத்துக்கு மட்டும் கோடு போடுற பழக்கத்தை இந்த ஆறு மாசம் விட்டுருங்க. அதுக்கு பதிலா மாற்கு 1, மத்தேயு 3 ரெண்டையும் ஜெராக்ஸ் எடுத்து பக்கத்துல பக்கத்துல ஒட்டி, இயேசு ஞானஸ்நானம் வாங்குற இடத்தை கலர் பென்சிலோட படிங்க. மாற்குல வானத்துல இருந்து வர்ற சத்தம் "நீர் என்னுடைய நேசகுமாரன்"னு சொல்லுது, மத்தேயுல "இவர் என்னுடைய நேசகுமாரன்". ஒண்ணுல அவர்கிட்ட பேசுது, இன்னொண்ணுல அவரைப் பத்தி பக்கத்துல இருக்கவங்ககிட்ட பேசுது. இது ஏன்னு உடனே பதில் தேடாதீங்க, வித்தியாசம் கண்ணுல பட்டாலே போதும், நியூ டெஸ்டமென்ட் கிளாஸ் முதல் வருஷம் கிட்டத்தட்ட இந்த வேலை தான். இப்படி படிச்சா விசுவாசம் போயிருமேன்னு பயமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, போகல.

மொழி. பைபிளோட மூல மொழிங்க கிரேக்கம், எபிரேயம், இதுல ஒண்ணாவது வந்து முன்னாடி நிக்கும், கிராமர் எல்லாம் அங்க போய் படிச்சுக்கலாம், எழுத்தை மட்டும் இங்கயே முடிச்சிட்டு போங்க. கிரேக்கத்துல 24, எபிரேயத்துல 22, எபிரேயம் வலதுல இருந்து இடது. தமிழ் படிச்சவங்களுக்கு இதுல ஒரு லாபம் இருக்கு, யாரும் சொல்றதில்ல. எபிரேயத்துல பேத்-னு ஒரு எழுத்து, நடுவுல புள்ளி இருந்தா பலூன்ல வர்ற ப, இல்லன்னா வ. ஒரு எழுத்துக்கு ரெண்டு சத்தமான்னு மத்தவங்க முழிப்பாங்க, நமக்கு 'கல்'லுலயும் 'பகல்'லயும் ஒரே க தான, பழகுன விஷயம். கிரேக்கம்னா வேற்றுமை உருபு. லோகோஸ்னா வார்த்தை, லோகோன்-னா வார்த்தையை, லோகூ-ன்னா வார்த்தையோட. எட்டாங்கிளாஸ் தமிழம்மா அடிச்சு சொல்லிக் குடுத்த ஐ, ஆல், கு இங்க வந்து சோறு போடும். எபிரேயத்துல தாலெத், ரேஷ்னு ரெண்டு எழுத்து மட்டும் ஜாக்கிரதை, அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், நான் பாதி செமஸ்டர் மாத்தி மாத்தி வாசிச்சேன்.

எழுதுறது தான் நிறைய பேர் வழுக்கி விழுற இடம். என்னோட முதல் பேப்பர்ல (கிளாஸுக்கு எழுதிக் குடுக்குற கட்டுரை) மூணு பாயின்ட், நடுவுல ஒரு சாட்சி, கடைசில ஆமென். சார் சிவப்பு பேனால "பிரசங்கம் நல்லாருக்கு, பேப்பர் எங்க?"ன்னு எழுதி திருப்பிக் குடுத்துட்டாரு. பிரசங்கத்துல முடிவு தெரிஞ்சு தான் ஆரம்பிப்போம், பேப்பர்ல ஒரு கேள்வியோட ஆரம்பிச்சு, நமக்கு எதிரா பேசுறவர் சொல்றதை அவரே ஒத்துக்குற மாதிரி எழுதிட்டு, அப்புறம் தான் நம்ம பக்கம். யார் கருத்தை எடுத்தாலும் புக் பேரு, பக்க நம்பர் அப்பவே குறிச்சு வைங்க, ராத்திரி 2 மணிக்கு லைப்ரரி திறந்திருக்காது.

இன்னொண்ணு, ஊர்ல ஜாதி எப்படி வேலை செய்யுது, கல்லறைத் தோட்டம் ஏன் ரெண்டா இருக்கு, இதெல்லாம் கண்ணத் தொறந்து பாத்துட்டு போங்க. 1981ல ஏ.பி. நிர்மல்-ங்கிற இறையியல் அறிஞர் யூ.டி.சி-ல பேசுன பேச்சுல இருந்து தான் தலித் இறையியல்னு ஒரு துறையே கிளம்புச்சு, கிளாஸ்ல அது வரும்போது உங்க ஊரைப் பத்தி கண்டிப்பா கேப்பாங்க.

தமிழ் டைப்பிங் தெரியலன்னா இந்த வாரமே ஆரம்பிங்க, பேப்பரை கையெழுத்துல குடுத்தா நிறைய இடத்துல வாங்க மாட்டாங்க.