சிகிச்சை முடிந்து வகுப்புக்குத் திரும்பும் பையனுக்கு

காட்பாடிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கஞ்சா, கூலிப் (உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம்), முகர்கிற பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் என்று சிக்கி, சிகிச்சை முடிந்து திரும்பும் பிள்ளையை என்ன செய்வது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் இவர்களுக்கென்றே உயர்நிலைப் பள்ளிகள் நடக்கின்றன. மேரிலாந்தில் 1979லேயே ஒன்று தொடங்கினார்கள். பாடமும் சான்றிதழும் மற்றப் பள்ளிகளைப் போலத்தான். ஆனால் சேர்க்கை குறைவு, படிப்பவர் எல்லாரும் மீண்டு வருகிறவர்கள், பேச ஆலோசகர் உள்ளேயே இருப்பார். பழைய கூட்டாளிகள் நடுவே திரும்ப உட்கார வேண்டியதில்லை என்பதுதான் அதன் சூட்சுமம். 46 பேர் வகுப்பில் அதை முழுசாகக் கொண்டுவர முடியாது. கொஞ்சம் முடியும்.

பையன் வருவதற்கு முந்தின நாளே தலைமை ஆசிரியரையும் அவன் அம்மா அப்பாவையும் வைத்து அரை மணி நேரம் பேசிவிடுங்கள். என்ன மாத்திரை, அடுத்து டாக்டரை எப்போது பார்க்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். விடுப்புக் கடிதத்தில் 'உடல்நலம் சரியில்லை' என்பது போதும். பாகாயத்தில் மனநல மருத்துவமனைக்குப் போய் வந்தான் என்று தெரிந்தால் பையன்கள் ஓட்டியே விரட்டிவிடுவார்கள். இரவு மாத்திரையால் முதல் பீரியடில் தூங்கி வழிந்தால் விட்டுவிடுங்கள்.

எங்கே உட்கார வைப்பது? இதில்தான் நான் சொதப்பினேன். கண்ணெதிரே இருக்கட்டும் என்று ஒருவனை என் மேசையை ஒட்டித் தனியாக உட்கார வைத்தேன். வகுப்பு அதைத் தண்டனையாகப் பார்த்தது. நாலாம் நாள் அவன் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கூட்டி வந்து, மூன்றாவது பெஞ்சில் கிரிக்கெட் பைத்தியங்கள் இரண்டு பேருக்கு நடுவில் போட்டேன். அவன்களுக்கு ஸ்கோரைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அதுதான் வேண்டும்.

வகுப்பை விட ஆபத்து சாப்பாட்டு இடைவேளையும் பள்ளி விட்டு பஸ் ஏறும் வரையுள்ள கால் மணி நேரமும். மதியம் ஒரு வேலை கொடுங்கள். எங்கள் பள்ளியில் நூலகப் பீரோ சாவி அவனிடம் இருந்தது. சாயங்காலம் ஒரு மாதமாவது வீட்டு ஆள் வாசலுக்கே வரட்டும். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. கடைக்காரரிடம் நீங்கள் போய்ச் சண்டை போடாதீர்கள். தலைமை ஆசிரியர் எழுத்தில் புகார் கொடுக்கட்டும்.

மறுபடி தொட்டுவிட்டான் என்றால்? டி.சி. பேச்சை எடுக்காதீர்கள். வகுப்பின் முன்னால் பையைக் கொட்டிச் சோதிக்காதீர்கள். அன்றைக்கே வீட்டுக்குச் சொல்லி, அடுத்த தேதி வரை காத்திராமல் டாக்டரிடம் அனுப்புங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் போதை மீட்பு உதவி எண் 14446க்குக் கூப்பிடலாம், காசு கிடையாது.

அப்புறம் பரீட்சை. பொதுத்தேர்வில் தவறினாலும் துணைத்தேர்வு உண்டு, அதே வருடம் பதினொன்றில் சேரலாம் என்பதைப் பெற்றோரிடம் முதல் நாளே சொல்லுங்கள். பாதிப் பயம் அதில் போய்விடும். நான் சொன்ன அந்த மாணவன் அப்படித்தான் எழுதினான். கணக்கில் 41. நான் ஐம்பதாவது வரும் என்று நினைத்திருந்தேன்.