பழைய காரில் ஏர்கோன் குளிராவிட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய சாகா, வீரா, கஞ்சில் கார்களின் ஏர்கோன் குளிரவில்லை என்றவுடன் பலரும் குளிரூட்டும் கேஸ் நிரப்பச் சொல்லிப் பட்டறைக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். கேஸ் என்பது பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஆகவே கேஸை விலைக்கு வாங்குவதற்கு முன், வீட்டு வாசலிலேயே சில சோதனைகளைச் செய்து பார்த்துவிடலாம்.

புளோவரை முழு வேகத்தில் வைத்து, நடுத்துவாரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். குறைந்திருப்பது காற்றா, குளிரா என்பது தெரியாமல் மேற்கொண்டு எதையும் தொடுவதில் பயனில்லை. காற்றே மெலிந்து, கூடவே புளித்த வாடையும் வீசினால், டாஷ்போர்டுக்குள் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் அடைத்திருக்கக்கூடும். பழைய கார்கள் பலவற்றில் காற்று வடிகட்டியே கிடையாது. செம்மண் பாதையில் செம்பனைக் குலை லாரியின் பின்னால் போகும்போது உள்ளே வரும் தூசு, ஈரமான காயிலில் படிந்து சேறாக இறுகிவிடுகிறது. இடப்பக்க டாஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றினால் புளோவர் சக்கரம் வரை எட்டிப் பார்க்கலாம். அதன் இதழ்களிலேயே மண் அப்பியிருந்தால் காயிலின் நிலையைச் சொல்லவே வேண்டாம். காயிலைப் பெரும்பாலும் கேஸை வெளியேற்றிய பிறகுதான் கழற்ற முடியும் என்பதால் அந்த வேலையைப் பட்டறைக்கே விட்டுவிடுவது நல்லது. புறப்படும்போது நன்றாக வீசிய காற்று ஒரு மணி நேரப் பயணத்தில் மெலிந்து, காரை நிறுத்திச் சற்று நேரம் கழித்து மீண்டும் பலமாக வீசுமானால், காயிலில் பனி உறைகிறது. பெரும்பாலும் காயிலின் குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டிருக்கும்.

காற்று பலமாக வந்தும் குளிர் இல்லையென்றால், நெடுஞ்சாலையில் குளிர்கிறதா, பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது மட்டும் சுடுகிறதா என்று கவனியுங்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றவுடன் சூடேறினால் சந்தேகம், முன் கிரில்லுக்குப் பின்னால் நின்று கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் மீதும் அதன் விசிறி மீதும் விழவேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோனையும் போட்டுவிட்டு, விசிறி மோட்டாரும் வயர்களும் நனையாதபடி முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மீது மட்டும் மென்மையாக நீர் தெளியுங்கள். ஓரிரு நிமிடங்களில் துவாரத்துக் காற்று குளிர்ந்துவிட்டால், வெப்பம் வெளியேற வழியில்லாமல் இருந்ததுதான் கோளாறு. கண்டென்சரைக் கழுவும்போது அழுத்தமாகப் பீய்ச்சும் கருவி வேண்டாம். மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கிப் படுத்துவிட்டால் காற்று புகும் இடைவெளியும் அடைபட்டுவிடும். விசிறி சுற்றுவதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள், ஆனால் கையை அருகில் கொண்டுபோக வேண்டாம்.

ஏர்கோன் பொத்தானை அழுத்தியதும் 'டக்' என்ற ஓசையுடன் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரை எஞ்சினோடு இணைக்கும் கிளட்ச் பிடித்து, எஞ்சினின் சத்தமும் சற்று மாறவேண்டும். பிடிக்கவில்லையென்றால் பியூஸ், ரிலே, பெல்ட் என்று மலிவான பொருள்களிலிருந்து தொடங்குங்கள். கேஸ் மிகவும் குறைந்திருந்தாலும், கம்ப்ரஸரைக் காக்க அழுத்த சுவிட்ச் கிளட்சைப் பிடிக்கவிடாது.

ஹீட்டர் உள்ள, ஜப்பானில் ஓடிப் பிறகு இங்கு இறக்குமதியான ரீகோன் கார்களில் இன்னொரு திருடனும் உண்டு. நம் வெயிலில் யாரும் தொடாத அந்த ஹீட்டரின் வால்வு முழுதாக மூடாமல் நின்றால், எஞ்சினின் சுடுநீர் உள்ளே ஓடி, குளிர்ந்த காற்றை மீண்டும் சூடாக்கிவிடும். வெப்பநிலைக் குமிழைக் கடைசிக் குளிர் நிலையில் வைத்த பின்னும் இது நடக்கலாம்.

இவை யாவும் சரியாக இருந்தால்தான் கேஸைப் பற்றிப் பேச வேண்டும். குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசும் திட்டாகப் படிந்திருந்தால், கசிவு அங்கேதான். சோப்பு நுரை தடவியும் பார்க்கலாம். 1990களின் நடுப்பகுதிக்கு முந்திய கார்கள் பெரும்பாலும் ஆர்12 கேஸுக்காகச் செய்யப்பட்டவை, பிந்தியவை ஆர்134ஏ கேஸுக்கானவை. இரண்டுக்கும் கம்ப்ரஸர் எண்ணெய் வேறு என்பதால் கலக்கவே கூடாது. மலிவாகக் கிடைக்கிறதென்று தீப்பற்றக்கூடிய கேஸை நிரப்ப யாராவது முன்வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவுக்கு மேல் நிரப்பினாலும் அழுத்தம் ஏறிக் குளிர் குறையும். கஞ்சிலின் 660 சிசி எஞ்சின் அந்தச் சுமையில் திணறும். நீங்களாகவே இணைப்பைத் தளர்த்திக் கேஸை வெளியேற்றவும் வேண்டாம். பீறிடும் திரவம் பட்ட இடத்தில் தோல் உறைந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

குழாயையோ காயிலையோ திறந்து வேலை செய்தால், கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையரைப் புதிதாக மாற்றும்படியும், கேஸ் நிரப்புவதற்கு முன் வெக்கும் (வெற்றிட) பம்பை அரை மணி நேரமாவது ஓடவிட்டு உள்ளிருக்கும் ஈரத்தை இழுத்துவிடும்படியும் பட்டறை ஃபோர்மேனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.