சான்றைத் தரம் பிரிப்பது எப்படி? புளோரைடு தண்ணீரை வைத்து ஒரு செய்முறை

மருத்துவ வழிகாட்டி தயாரிக்கும் புதியவர்கள் செய்யும் முதல் தவறு, ஆய்வுக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவது. சான்றை எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரிக்கும் கிரேடு (GRADE) முறையில் தரம் கட்டுரைக்கு அல்ல. ஒரு விளைவைப் பற்றிய எல்லா ஆய்வுகளுக்கும் சேர்த்து ஒரே தரம்: உயர், மிதம், குறைவு, மிகக் குறைவு.

முதலில் கேள்வியை இறுக்கமாக எழுதுங்கள். "லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள தருமபுரி மாவட்டப் பென்னாகரம் பக்கத்து ஊர்களில், போர்வெல் தண்ணீருக்குப் பதில் பிறந்ததிலிருந்து ஒகேனக்கல் குடிநீர் கொடுத்தால் பிள்ளைகளுக்கு மிகுதியான புளோரைடால் வரும் பற்கறை குறையுமா?" 'பிறந்ததிலிருந்து' என்பதை விட்டுவிடாதீர்கள். நிலைப்பற்கள் உருவாகும்போதுதான், பெரும்பாலும் 8 வயதுக்குள், இந்தக் கறை விழுகிறது. 15 வயதுப் பிள்ளைகளைச் சேர்த்தால் தண்ணீர் மாறியும் பல் மாறாது.

அடுத்து தொடக்கத் தரம். குலுக்கல் முறையில் குழு பிரித்த சோதனைகள் 'உயர்' என்று தொடங்கும். ஊரை ஊரோடு ஒப்பிடும் ஆய்வுகள் 'குறைவு'.

பிறகு கீழே இறக்கும் காரணங்கள் ஐந்து. ஒருசார்பு: பல்லைப் பார்ப்பவருக்குப் பிள்ளை எந்த ஊர் என்று தெரிந்தால் கறை கூடுதலாகவே தெரியும். முரண்பாடு (ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதது), துல்லியமின்மை (முடிவு எந்த அளவு என்று உறுதியாகச் சொல்ல முடியாதது), வெளியீட்டுச் சார்பு (சாதகமான முடிவுகள் மட்டும் அச்சேறுவது) ஆகியவை பழகப் பழக எளிது. பலரும் கோட்டை விடுவது ஐந்தாவதான மறைமுகச் சான்றில், அதாவது நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாத சான்றில். சிறுநீரில் புளோரைடு குறைந்ததாக ஓர் ஆய்வு சொன்னால், அது உடலுக்குள் போகும் அளவு குறைந்ததைத்தான் காட்டுகிறது. பல்லையும் எலும்பையும் பற்றி நேராக எதுவும் சொல்லவில்லை. ஒரு படி இறக்குங்கள். தண்ணீரில் புளோரைடைச் சேர்க்கும் நாடுகளின் ஆய்வுகளும் இப்படித்தான்: அங்கே கேள்வி சொத்தைப் பல், இங்கே மிகுதியான புளோரைடு. ஒரே குறைக்காக இரண்டு தலைப்பில் இரண்டு முறை இறக்காதீர்கள்.

மேலே ஏற்றவும் வழி உண்டு. புளோரைடு அளவு ஏற ஏறப் பற்கறையும் படிப்படியாக ஏறினால் ஒரு படி கூட்டலாம். ஒருசார்புக்காக ஏற்கெனவே இறக்கியிருந்தால் கூட்டாமல் விடுவதே நல்லது.

தரங்களைத் தொகுத்துக் காட்டும் கடைசி அட்டவணைக்கு கிரேடுபுரோ (GRADEpro) மென்பொருள் அருமை. ஆனால் முதல் சுற்றைத் தாளிலேயே போடுங்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு வரி காரணம் எழுதாமல் அடுத்ததுக்குப் போகக் கூடாது.

பின்சேர்க்கை: சான்றின் தரமும் பரிந்துரையின் வலுவும் வேறு வேறு. நச்சுப் பாம்பு கடித்து விஷம் ஏறியவருக்கு முறிமருந்து கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க மனசாட்சி இடம் தராது; அதனால் அங்கே குலுக்கல் சோதனை கிடைப்பது அரிது. உயிர் போகும் நிலையில், சான்று 'குறைவு' என்றாலும் பரிந்துரை வலுவாக இருக்கலாம். அப்போது அதற்கான காரணத்தை அட்டவணைக்குக் கீழே எழுதிவிடுங்கள்.