கேகோ-2 சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விழுங்கிய மருந்து குடல் சுவரைத் தாண்டுமா என்று பார்க்க, ஆய்வகங்கள் பெரும்பாலும் கேகோ-2 செல்களையே நாடுகின்றன. மனிதப் பெருங்குடல் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்ட இந்தச் செல்களை நுண்துளைச் சவ்வின் மேல் சுமார் 21 நாள் வளரவிட்டால், சிறுகுடல் செல்களைப் போல ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேலறையில் மருந்தை விட்டு, கீழறைக்கு எவ்வளவு வந்தது என்று அளக்கிறோம். மாசு சேராமல் பார்ப்பது, பைப்பெட்டைச் சரியாகப் பிடிப்பது பற்றியெல்லாம் வேறு யாராவது சொல்லித்தருவார்கள்.

மின்தடையைப் பரப்பால் வகுப்பது

செல்கள் இறுகப் பிடித்திருக்கின்றனவா என்று அறிய, சவ்வின் குறுக்கே மின்தடையை அளக்கிறோம். அதைச் சவ்வின் பரப்பால் பெருக்க வேண்டும். அதற்கு முன் வெற்றுச் சவ்வின் ஓம் அளவைக் கழிக்க வேண்டும்.

மீதி மருந்து எங்கே என்று கேட்காமல் விடுவது

இதைக் கண்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி, "இந்த மருந்து குடலைத் தாண்டவே தாண்டாது, அக்கா" என்று வரைபடத்தோடு வந்தாள். கீழறையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. "சரி, மேலறையில் எவ்வளவு மிஞ்சியது?" என்றேன். அளக்கவில்லை. நல்ல வேளை, மாதிரிகளைக் கொட்டியிருக்கவில்லை. அளந்து பார்த்தால், இரண்டு அறைகளையும் சேர்த்தும் போட்ட மருந்தில் பாதிகூடத் தேறவில்லை. கொழுப்பில் எளிதில் கரையும் மருந்து அது. பிளாஸ்டிக்கிலும் செல்களுக்குள்ளும் போய் ஒட்டிக்கொண்டது. செலவை எழுதாமல் கல்லாவை மட்டும் எண்ணும் கணக்குப்பிள்ளையை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

சேதம் இதோடு நிற்பதில்லை. ஊடுருவுதிறனைக் கணக்கிடும்போது மேலறையின் தொடக்கச் செறிவால் வகுக்கிறோம். குறிப்பேட்டில் 10 மைக்ரோமோலார் என்று இருந்து, செல்களின் மேல் உண்மையில் 6 தான் இருந்தால், விடை 40 சதவீதம் குறைந்துவிடும். நல்ல மருந்து ஒன்று பட்டியலிலிருந்து கழிய இது போதும். மூன்று வாரம் செல்களுக்கு ஊட்டம் மாற்றிய உழைப்பும் வீண்.

மருந்தை ஊற்றியவுடன் மேலறையிலிருந்து ஒரு மாதிரி எடுங்கள். முடிவில் இரண்டு அறைகளிலும் எடுங்கள். செல்களையும் மெத்தனாலில் கரைத்து அளங்கள். மாதிரிக் குழாயின் சுவரிலும் மருந்து ஒட்டும் என்பதால், குழாயில் முன்கூட்டியே மெத்தனாலை விட்டு வையுங்கள். கீழறைத் திரவத்தில் மாட்டு அல்புமின் என்னும் புரதத்தைச் சேர்த்தால் ஒட்டுவது குறையும். தெரிந்த செறிவுகளை வைத்து வரையும் அளவீட்டுத் தரக்கோட்டையும் அதே திரவத்தில் போட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் கணக்கு 80 சதவீதத்தை எட்டாவிட்டால், காரணம் தெரியாமல் அந்த எண்ணை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஒரு திசையில் மட்டும் ஓட்டுவது

டிகாக்சின் போன்ற மருந்துகளைச் செல்லே திருப்பி வெளியே தள்ளும். கீழிருந்து மேலாகவும் ஓட்டுங்கள். அந்தத் திசையில் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ போனால், அப்படித் தள்ளுவதைத் தடுக்கும் வெராபமில் சேர்த்து மறுபடி பாருங்கள்.

பேசேஜ் எண்ணை எழுதாமல் விடுவது

செல்களை எத்தனை முறை பிரித்துப் புதிய குடுவைக்கு மாற்றினோம் என்ற எண் அது. எழுதுங்கள்.

நீரில் கரையும் சிறு மருந்துகளை உடனே கழித்துக்கட்டுவது

கேகோ-2 செல்களின் இணைப்புகள் மனிதச் சிறுகுடலில் உள்ளவற்றைவிட இறுக்கமானவை. செல்களுக்கு இடையே நுழையும் அட்டெனலால் இங்கே மிகக் குறைவாகவே கடக்கும். ஆனால் அதையே மாத்திரையாக விழுங்கினால் ஏறக்குறைய பாதி உறிஞ்சப்படுகிறது. ஒவ்வொரு தட்டிலும் அட்டெனலாலையும், எளிதில் கடக்கும் புரோப்ரனலாலையும் சேர்த்து ஓட்டி, உங்கள் மருந்து அவற்றுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வேறு ஆய்வகத்தின் அட்டவணையிலிருந்து எண்ணை எடுத்து ஒப்பிடுவதில் பயனில்லை. அவர்கள் செல்கள் வேறு, உங்கள் செல்கள் வேறு.