தேன், சிரப்: கிராமை மில்லியாக மாற்ற ஒரு சின்னக் கணக்கு

கேக் செய்முறையில் 100 கிராம் தேன் என்று இருந்தால் 100 மில்லி ஊற்றிவிடாதீர்கள். 100 மில்லி தேன் சுமார் 140 கிராம் எடை இருக்கும். அவ்வளவும் சேர்ந்தால் இனிப்பு தூக்கலாகி, உள்ளே வேகும் முன்பே மேல்பக்கம் கருத்துவிடும்.

1.4 என்ற எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிராமை அதால் வகுத்தால் மில்லி, மில்லியை அதால் பெருக்கினால் கிராம். அப்படிப் பார்த்தால் 100 கிராம் தேனுக்குச் சுமார் 71 மில்லி போதும். 15 மில்லி மேசைக்கரண்டியில் 21 கிராம், 5 மில்லி டீஸ்பூனில் 7 கிராம், 240 மில்லி கப்பில் சுமார் 340 கிராம் பிடிக்கும். ஆஸ்திரேலியச் செய்முறை என்றால் கவனம், அங்கே மேசைக்கரண்டி 20 மில்லி.

கோல்டன் சிரப், கார்ன் சிரப் இரண்டுக்கும் இதே எண் சரிவரும். மேப்பிள் சிரப் கொஞ்சம் நீர்த்தது, அதற்கு 1.3 என்று எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டில் காய்ச்சும் சர்க்கரைப்பாகு, வெல்லப்பாகுக்கு நிலையான எண் கிடையாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி, அதே கரண்டிப் பாகு கனமாகிக்கொண்டே போகும். அதை எடை போடுவதுதான் சரி. டிஜிட்டல் தராசில் மாவுக் கிண்ணத்தை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு நேரே ஊற்றுங்கள். தராசு இல்லையா? கரண்டியில் லேசாக எண்ணெய் தடவிவிட்டு அளந்தால் தேன் ஒட்டாமல் முழுசாக வழுக்கி விழும்.