அப்பாவின் கைக்குத் தெரியாமல் சுவிட்ச்சை மாற்றுவது எப்படி

முதலில் நான் வாங்கியது ஸ்மார்ட் பல்பு. ஹோல்டரில் மாட்டி, வைஃபையில் சேர்த்து, போனிலிருந்தே எரித்தும் அணைத்தும் பார்த்து அரை மணி நேரம் பெருமைப்பட்டுக்கொண்டேன். அப்புறம் அப்பா அறையை விட்டு வெளியே வந்தார். வழக்கம்போல் சுவரில் இருந்த சுவிட்ச்சைத் தட்டி அணைத்தார். பல்புக்குப் போகும் மின்சாரமே நின்றுவிட்டது. போனில் 'ஆஃப்லைன்' என்று காட்டியது. சுவரில் இருப்பதைத் தொடாதீர்கள் என்று ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். சுவிட்ச்சின் மேல் டேப் ஒட்டியும் பார்த்தேன். ஆள் இல்லாத அறையில் விளக்கு எரிவதை வாழ்நாள் முழுக்கப் பொறுக்காத மனிதரிடம் அது நடக்குமா?

தப்பு அவர் மேல் இல்லை. நான் மாற்றியிருக்க வேண்டியது பல்பை அல்ல, சுவிட்ச்சை. சுவிட்ச் ஸ்மார்ட்டாக இருந்தால் எந்தச் சாதாரண பல்பும் அதற்குப் போதும். போனைத் தொடாதவரும் எப்போதும்போல் சுவரைத் தட்டி விளக்கைப் போடலாம். இப்போது வீட்டில் 11 சுவிட்ச்சுகளை மாற்றி முடித்துவிட்டேன். நான் எலக்ட்ரீஷியன் இல்லை. ஒயரிங் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொண்டுதான் செய்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். பல நாடுகளில் உரிமம் பெற்றவர்தான் இந்த வேலையில் கை வைக்கலாம் என்று சட்டமே இருக்கிறது.

எந்த வகை

இரண்டு வகை உண்டு. பழைய சுவிட்ச்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்தும் கண்ணாடி டச் பேனல் ஒன்று. தீப்பெட்டி அளவில், பழைய சுவிட்ச்சுக்குப் பின்னால் போர்டுக்குள் ஒளிந்துகொள்ளும் ரிலே மாட்யூல், அதாவது சைகை வந்ததும் விளக்கைத் தானே போட்டு அணைக்கும் சிறு பெட்டி, இன்னொன்று. டச் பேனல் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இருட்டில் சுவரைத் தடவி வரும் கைக்கு அதில் பிடிமானம் கிடையாது. தடவும்போதே ஏதோ ஒரு விளக்கு எரிந்து தொலைக்கும். நான் மாட்யூலைத் தேர்ந்தெடுத்தேன். சுவரில் எதுவும் மாறவில்லை, அதே பழைய 'டக்' சத்தம்தான்.

வாங்கும்முன் போர்டுக்குள் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆழம் குறைந்த பெட்டியில் மாட்யூலைத் திணித்து மூடினால் ஒயர்கள் நசுங்கும், சூடும் வெளியேறாது. இரும்புப் பெட்டியாக இருந்தால் வைஃபை சிக்னலையும் அது தடுக்கும்.

எல்லாமே நியூட்ரலில் இருக்கிறது

சாதாரண சுவிட்ச்சுக்கு இரண்டே ஒயர்கள். மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் ஒன்றில் வரும், விளக்குக்கு இன்னொன்றில் போகும். மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரல், சுவிட்ச் பக்கமே எட்டிப் பார்க்காமல் நேராக விளக்குக்குப் போய்விடும். விளக்கை எரிக்கவும் அணைக்கவும் அது போதும். ஸ்மார்ட் மாட்யூல் கதை வேறு. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்து வைஃபையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத் தொடர்ந்து மின்சாரம் வேண்டும், மின்சாரம் ஓட ஃபேஸ், நியூட்ரல் இரண்டுமே வேண்டும்.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன்னால் மின்சாரத்தை அணைத்து, போர்டைக் கழற்றி, நியூட்ரல் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதே போர்டில் பிளக் பாயிண்ட் இருந்தால் அதற்கு நியூட்ரல் கட்டாயம் வந்திருக்கும். ஒயரின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நாட்டுக்கு நாடு நிறம் மாறும், ஒரே வீட்டிலும் ஒயர் தீர்ந்துபோனால் கையில் கிடைத்ததைப் போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் மாடிப்படி போர்டில் நியூட்ரல் நிறத்தில் இருந்த ஒயரில் டெஸ்டரின் விளக்கு எரிந்தது, அதாவது அது ஃபேஸ். மல்டிமீட்டரும் இந்த இடத்தில் ஏமாற்றும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் காட்டும் வோல்டேஜையே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தாலும் ஏறக்குறைய காட்டும். அந்த ஒயர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்துத்தான் நியூட்ரல் என்று உறுதிசெய்ய வேண்டும். நியூட்ரல் இல்லை என்பதற்காக எர்த்தில் இணைத்துவிடாதீர்கள். மாட்யூல் வேலை செய்யும், ஆனால் எர்த் எங்காவது விட்டுப்போன நாளில் அதோடு இணைந்த இரும்பெல்லாம் ஷாக் அடிக்கும்.

அடுத்து, நான் செய்த தவறு. ஒரு போர்டில் நியூட்ரல் இல்லை, பக்கத்து அறை போர்டில் இருந்தது. அங்கிருந்து ஒரு ஒயரை இழுத்துவிட்டேன். முதல் மாட்யூல் வேலை செய்தது. இரண்டாவதும் சரி. மூன்றாவதைப் பொருத்திய அன்று இரவு, மின்கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் ஆர்சிசிபி விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. அதன் வேலை, போகும் கரண்ட்டும் திரும்பி வரும் கரண்ட்டும் சமமா என்று பார்ப்பது. வீடுகளில் பொதுவாக வைக்கும் ஆர்சிசிபி 30 மில்லிஆம்பியர் வித்தியாசத்துக்குள் விழுந்துவிடும். மெயின் பெட்டியிலிருந்து மின்சாரம் தனித்தனி லைன்களாகப் பிரிந்து போகிறது. என் மாட்யூல்கள் ஒரு லைனில் ஃபேஸை வாங்கி, வேறொரு லைனின் நியூட்ரலில் திருப்பி விட்டன. ஒவ்வொன்றும் எடுப்பது சில மில்லிஆம்பியர்தான், மூன்றும் சேர்ந்ததும் கணக்கு இடித்துவிட்டது. ஆர்சிசிபி விழாத வீட்டிலும் இது ஆபத்து. ஒரு லைனின் எம்சிபியை (அந்த லைனை அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்சை) மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்பவருக்கு, அங்கிருக்கும் நியூட்ரல் இன்னும் உயிரோடிருக்கும் வேறொரு லைனுடையது என்று தெரியாது. ஃபேஸ் எந்த லைனோ நியூட்ரலும் அதே லைன்தான்.

நியூட்ரல் கொண்டுவர வழியே இல்லையென்றால் 'நியூட்ரல் தேவையில்லை' வகை மாட்யூல்கள் இருக்கின்றன. அவை விளக்கின் வழியாகவே மிகச் சிறிய கரண்ட்டை ஓடவிட்டுப் பிழைக்கும். குறைந்த வாட் எல்இடி அந்தச் சிறிய கரண்ட்டுக்கே மங்கலாக எரியும், இல்லை என்றால் மினுக்கும். விளக்கின் முனைகளில் அந்தக் கரண்ட்டுக்கு மாற்று வழி கொடுக்கும் பைபாஸ் கெபாசிட்டர் என்ற சிறு பாகத்தை இணைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒயரிங்

எம்சிபியை அணையுங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் வேறொரு பாயிண்ட்டில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு போர்டில் உள்ள ஒவ்வொரு ஒயரிலும் வையுங்கள், ஒன்று விடாமல். ஒரே போர்டுக்கு இரண்டு லைன்கள் வருவது உண்டு. இன்வெர்ட்டர் இருக்கும் வீடு என்றால் மெயினை அணைத்தாலும் அதன் லைன் உயிரோடுதான் இருக்கும். அதையும் அணைக்க வேண்டும். எதையும் கழற்றும்முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாட்யூலின் மேல் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டையும் இப்போதே எடுத்துவிடுங்கள், அப்புறம் அது சுவருக்குள் போய்விடும்.

இணைப்பு எளிது. ஃபேஸ் 'எல்' முனைக்கு, நியூட்ரல் 'என்' முனைக்கு, விளக்குக்குப் போகும் ஒயர் 'அவுட்' முனைக்கு. பழைய சுவிட்ச்சிலிருந்து இரண்டு சிறிய ஒயர்கள் எஸ்1, எஸ்2 முனைகளுக்கு. இனிமேல் அந்தச் சுவிட்ச் வழியாக விளக்கின் மின்சாரம் ஓடாது. விளக்கைப் போடு என்று மாட்யூலுக்குச் சைகை காட்டுவது மட்டுமே அதன் வேலை. அதனால் சுவிட்ச்சில் பழைய ஃபேஸ் ஒயர் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அதோடு எஸ் முனையை இணைத்தால் பல மாட்யூல்கள் அந்த நொடியே புகைந்துபோகும். எஸ் முனைகள் சைகைக்குத்தானே என்று மின்சாரம் இருக்கும்போது தொட்டுவிடவும் வேண்டாம், பல மாடல்களில் அவை மெயின் மின்சாரத்திலிருந்து பிரிக்கப்பட்டவை அல்ல. முனைகளின் பெயரும் மாடலுக்கு மாடல் மாறும், கூட வரும் தாளைப் படியுங்கள்.

மாடிப்படியில் மேலே ஒன்று கீழே ஒன்று என்று டூ-வே சுவிட்ச்சுகள் இருந்தாலும் பயப்பட வேண்டாம். அவற்றுக்கு நடுவில் ஓடும் இரண்டு ஒயர்களை அப்படியே விட்டு, ஒரு சுவிட்ச்சின் பொது முனையை எஸ்1-க்கும் மற்றதன் பொது முனையை எஸ்2-க்கும் கொண்டுவர வேண்டும். எங்களுக்கு அதிக நேரம் பிடித்த வேலை இதுதான். விளக்குக்குப் போகும் ஒயர் மேல் போர்டில், ஃபேஸ் கீழ்ப் போர்டில்.

இழைகளை முறுக்கிச் செருகி, ஸ்குரூவை இறுக்கியபின் ஒவ்வொரு ஒயரையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தளர்ந்த இணைப்புதான் சூடாகித் தீப்பிடிக்கும். மாட்யூலில் 10 ஆம்பியர் என்று போட்டிருந்தாலும் அதைப் பெரிய மோட்டாருக்கோ வாட்டர் ஹீட்டருக்கோ கொடுக்காதீர்கள். விளக்குக்கான டிம்மரை ஃபேனுக்கும் கொடுக்கக் கூடாது.

வைஃபையில் சேர்ப்பது

இந்த மாட்யூல்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பேசும். சுவரைத் தாண்டுவதில் 5 கிகாஹெர்ட்ஸைவிட அதுவே மேல், ஆகவே குறை சொல்வதற்கில்லை. உங்கள் ரவுட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்து மாட்யூல் சேர மறுத்தால், சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5-ஐ அணைத்துவிடுங்கள். ரவுட்டரில் வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் பழைய மாட்யூல்கள் திணறும். டபிள்யூபிஏ2-ஐயும் அனுமதிக்க வேண்டும். போர்டை மூடும்முன்பே சேர்த்துச் சோதித்துவிடுங்கள், ஆனால் திறந்த போர்டில் மின்சாரத்தை விட்டபின் கையைத் தூரத்தில் வையுங்கள்.

ரவுட்டரை மாற்ற நேர்ந்தால் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் அப்படியே புதியதிலும் போடுங்கள். நான் ஆசையாகப் பெயரை மாற்றி 11 மாட்யூல்களையும் ஒரே நாளில் அநாதையாக்கினேன். மீண்டும் இணைக்க அழுத்த வேண்டிய பட்டனோ சுவருக்குள். நல்லவேளை, சுவிட்ச்சையே வேகமாகப் பலமுறை போட்டு அணைத்தால் மீண்டும் இணைப்பு நிலைக்குப் போகும் வகையாக வாங்கியிருந்தேன். வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆப்பில் மாற்ற வேண்டியவை

சுவிட்ச்சின் வகையை முதலில் சரிசெய்யுங்கள். சாதாரண மேல்-கீழ் சுவிட்ச் என்றால், ஒவ்வொரு தட்டலுக்கும் விளக்கின் நிலை மாறும்படி வைக்க வேண்டும். அப்படி வைக்காததால், போனில் அணைத்த விளக்கைப் போட அப்பா இரண்டு முறை தட்ட வேண்டியிருந்தது. இப்போது ஒரு தட்டல் போதும். ஆனால் மேலே தள்ளினால் அணைந்தது, கீழே என்றால் எரிகிறது என்ற பழைய கணக்கு போய்விட்டது. அதை மட்டும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்தது, கரண்ட் போய் வந்தால் என்ன நிலை என்பது. அதை 'எரி' என்று விட்டிருந்தேன். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் திரும்பி வந்தபோது வீடு முழுக்கக் கல்யாண மண்டபம் மாதிரி ஆனது. படுக்கையறைகளுக்கு 'அணை', மற்றவற்றுக்கு 'முன்பிருந்த நிலை' என்று வையுங்கள்.

பெயர்களை வீட்டில் சொல்கிற மாதிரியே வைத்தால் குரலில் கட்டளையிடுவதும் எளிது. 'சுவிட்ச் 4' என்று வைத்தால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே புரியாது. நேரம் வைத்து இயக்குவதில் எங்கள் வீட்டில் நிலைத்தது இரண்டே. வாசல் விளக்கு சூரியன் மறையும்போது எரிகிறது. ஆப்பில் இடத்தைச் சரியாகக் கொடுத்தால் மாதத்துக்கு ஏற்ப நேரத்தை அதுவே மாற்றிக்கொள்ளும். குளியலறை விளக்கு 20 நிமிடத்தில் தானே அணைகிறது. 'சினிமா நேரம்', 'காலை வணக்கம்' என்று நான் செய்துவைத்த மற்றவற்றை யாரும் சீண்டவில்லை.

ஒரு மாலை அந்த ஆப்பின் சர்வர் படுத்துவிட்டது. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது, சுவரைத் தட்டினார், விளக்கு எரிந்தது. ஆனாலும் இணையம் இல்லாதபோதும் வீட்டு வைஃபைக்குள்ளேயே பேசிக்கொள்ளும் மாட்யூல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். 2022-இல் வெளியான மேட்டர் என்ற பொதுத் தரம் அப்படி வீட்டுக்குள்ளேயே இயங்கும்படி அமைந்தது. பாதுகாப்பையும் மறக்க வேண்டாம். 2016-இல் மிராய் என்ற நிரல், ஆலையில் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துத் தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், அப்டேட் வந்தால் போடுங்கள், முடிந்தால் இந்தச் சாதனங்களுக்குத் தனி வைஃபை கொடுங்கள்.

ஒரு மாதம் ஓடியபின் போர்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். லேசான கதகதப்பு இயல்பு. சுட்டாலோ கருகிய வாசம் வந்தாலோ எம்சிபியை அணைத்து, திறந்து, முதலில் ஸ்குரூக்களைப் பாருங்கள்.